சில பேருக்கு மேடம்

சாப்பாடு நன்றாக இருந்ததா என்று கேட்டால்கூட அவருக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லத் தெரியாது. சாம்பார் நன்றாக இருந்தது, பொரியல் எனக்குக் காரம், ஆனால் எனக்குப் பொதுவாகவே காரம் ஆகாது, அதனால் என் பேச்சை வைத்துக்கொண்டு முடிவு பண்ணிவிடாதீர்கள் என்பார். கேன்டீன்காரர் கரண்டியும் கையுமாக நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப நல்லா இருந்துச்சா, இல்லியா மேடம்?" என்பார். பின்னால் தட்டோடு நிற்கும் எங்கள் லைன் பெண்கள் துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொள்வார்கள்.

நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். இந்த மணி நேரத்துக்குள் இத்தனை ஜோடி தைத்து முடிக்க வேண்டும் என்று மேலே இருந்து சொல்வார்கள்; முடியாவிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வது என் வேலை. அதனால் எனக்கு எதையும் நறுக்கென்று சொல்லிப் பழக்கம். இழுத்து இழுத்துப் பேசுகிறவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். அப்படிப்பட்ட என்னைத்தான், இத்தனை பேர் இருக்கிற கம்பெனியில், அந்த அம்மாள் தேடிப் பிடித்தார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், என்னைப் பற்றி மட்டும் எழுதியது தப்பு, கூட இருந்தவர்களையும் எழுதியிருக்க வேண்டும், நீங்கள் எழுதியதில் பாதி உங்கள் ஞாபகம்தான், நடந்தது வேறு மாதிரியும் இருந்திருக்கலாம் என்று ஆரம்பித்துவிடுவார். கம்பெனியில் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே போதும். சில பேருக்கு மேடம்.

அவர் மனநலம் பார்க்க வந்தவர். கணியம்பாடி பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம். மனோதத்துவம் படித்து, ஆராய்ச்சி என்று சில வருஷம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். வாரத்தில் இரண்டு நாள் கம்பெனிக்கு வந்து, தொழிலாளிகள் யாராவது மனக்கஷ்டம் என்று வந்தால் பேச வேண்டும். அதற்காக ஹெச்.ஆர். ஆபீஸுக்கு அடுத்தாற்போல் ஒரு அறை கொடுத்தார்கள். கண்ணாடிக் கதவு, ரெண்டு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி.

ஒருத்தரும் போகவில்லை. எப்படிப் போவார்கள்? அந்தக் கதவைத் திறந்தால் ஹெச்.ஆரில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறுவதற்குள், இன்னாருக்கு மண்டையில் ஏதோ ஆகிவிட்டதாம் என்று செய்தி ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். வேறொருவராக இருந்தால் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர் அறையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தார். கேன்டீனில் கை கழுவும் குழாய்க்கு மேலே, எல்லாரும் எப்படியும் நின்றுதான் ஆக வேண்டிய இடத்தில், ஒரு தாளை ஒட்டினார்.

அது வாராவாரம் மாறும். ஒரு பக்கம்தான். மனசைப் பற்றி உலகத்தில் எங்கெங்கோ ஆராய்ச்சி செய்து இங்கிலீஷில் எழுதி வைத்திருப்பதை எடுத்து, ஈரக் கையோடு நிற்கிற ஒருத்தி வரிசை நகர்வதற்குள் படித்து முடிக்கிற மாதிரி தமிழில் எழுதுவார். தூக்கம், கோபம், மறதி, பிள்ளைகளை அடிப்பது, பக்கத்து மெஷின்காரி வேகமாகத் தைத்தால் நம் கை ஏன் தடுமாறுகிறது. இப்படி.

எழுதினதும் ஒட்டிவிட மாட்டார். அதற்கு முன்னால் என்னிடம் வருவார். மத்தியானச் சாப்பாட்டில் என் எதிரே உட்கார்ந்து ஒரு தடவை படித்துக் காட்டுவார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்கக்கா, இதுல இன்னா இருக்கு?" என்பார். நான் சொல்ல வேண்டும். நான் ஏதாவது விட்டுவிட்டால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அவர் எழுதாத எதையாவது நான் சேர்த்துச் சொல்லிவிட்டால் ரெண்டு கோடு. எனக்கு மார்க் போடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், ரோஷமாகக்கூட இருந்தது. கோடு எனக்கு இல்லை, அவருக்காம். நான் தப்பாகப் புரிந்துகொண்டால் அவர் தப்பாக எழுதியிருக்கிறார் என்று அர்த்தமாம். சாயங்காலம் திருத்தி எடுத்துக்கொண்டு மறுபடியும் வருவார். என் ரசம் சாதம் ஆறிப்போன நாட்கள் நிறைய.

'மன அழுத்தம்' என்ற வார்த்தையை அவர் அடித்ததும் அப்படித்தான். நான் அதைப் படித்தவுடனே தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினீர்கள் என்று கேட்டார். புரிந்தது என்றேன். இந்த வார்த்தையை வீட்டில் கடைசியாக எப்போது சொன்னீர்கள் என்றார். யோசித்துப் பார்த்தால், நான் ஒரு நாளும் சொன்னதில்லை. டிவியில் கேட்டது. வீட்டில் நாங்கள் 'ஒரே பேஜாரா இருக்கு' என்போம், 'மனசு ஒரு மாதிரி இருக்கு' என்போம். அந்த வாரத் தாளில் பேஜார் என்றே போட்டார். ஹெச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டு, கம்பெனிச் சுவரில் இப்படிக் கொச்சையாக எழுதலாமா என்று கேட்டாராம். எழுதினதைப் படித்து நாலு பேர் சிரித்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து படித்தார்கள் சார், அது போதும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவரோடு எனக்குச் சண்டை வந்தது ஒரே விஷயத்தில்தான். எல்லாத் தாளிலும், எங்கே பார்த்தாலும், 'சில பேருக்கு', 'சில நேரம்', 'கொஞ்சம்'. ராத்திரி போனை ஒதுக்கி வைத்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். இவர் எழுதுவது: சில பேருக்குக் கொஞ்சம் சீக்கிரம் தூக்கம் வருகிறது. இப்படி எழுதினால் யார் மேடம் போனை வைப்பார்கள், வரும் என்று அடித்துச் சொல்லுங்கள் என்பேன். வரவில்லை என்றால் என்று கேட்பார். வராவிட்டால் போகிறது என்பேன். அவர் சிரிப்பார். ஆனால் ஒரு எழுத்து மாற்ற மாட்டார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒரு தடவை எனக்குப் புரிய வைக்க உதாரணம் ஒன்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். தோல் பதனிடுகிற ஷாப்பில், சாயம் ஏற்றுகிற டிரம்மில் எல்லாத் தோலையும் ஒன்றாகத்தான் போடுகிறார்கள், ஆனாலும் ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு மாதிரி நிறம் பிடிக்கிறது இல்லையா, மனுஷர்களும் அப்படித்தான் என்றார். முகமெல்லாம் பெருமை. எங்கள் மேஜையில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நான்தான் சொன்னேன், "மேடம், நாங்க யாரும் தோல் ஷாப்பு உள்ள போனதே இல்ல. எங்களுக்கு வெட்டி, அடுக்கி, ரெடியாத்தான் வரும்." ஆம்பூர் என்றால் எல்லாரும் தோலோடு பிறந்து தோலோடு வளர்ந்தவர்கள் என்று நினைத்துவிட்டார் பாவம். உதாரணத்தை மடித்து வைத்துக்கொண்டு போனார். அதற்கும் ஒரு கோடு போட்டிருப்பார்.

அவரைக் கேலி செய்தால் அவருக்குக் கோபம் வராது. ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்க வேலூர் லாங் பஜாருக்கு நாங்கள் சேர்ந்து போனோம். தள்ளுவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஒரு கடைக்குள் ஏறினால், கடைக்காரர் டிபன் கேரியரில் ஒன்று மாற்றி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டே போகிறார். மேடம் அவரிடம், ரொம்ப ஜாஸ்தி ரகம் காட்டினால் சில நேரம் வாங்க வந்தவர்கள் குழம்பிப்போய் ஒன்றும் வாங்காமலே போய்விடுகிறார்களாம், ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள் என்றார். கடைக்காரர் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டார். "சில நேரம்னா எப்போ மேடம்? சொன்னீங்கன்னா எனக்கு ஒதவும்." அதுதான் இன்னும் சரியாகத் தெரியவில்லை, ஒரு இடத்தில் அப்படி வந்தது, இன்னொரு இடத்தில் செய்து பார்த்தால் வரவில்லை என்றார் இவர். "தெரியலன்னு சொல்றதுக்கா இவ்ளோ படிச்சீங்க?" என்றார் கடைக்காரர். கடையில் இருந்த எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது மேடம்தான். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த வரியையே அடுத்த வாரத் தாளுக்குத் தலைப்பாகப் போட்டார்.

இன்னொரு நாள் எங்கள் லைனில் வயதில் மூத்த டெய்லர் அம்மா ஒருவர் குழாயடியில் நின்று, இதெல்லாம் யாரை வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்டார். வெளிநாட்டில், பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகளை வைத்து என்றார் மேடம். அந்தப் பிள்ளைகளுக்குக் குழந்தை குட்டி உண்டா, விடியற்காலையில் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டுப் பஸ் பிடிப்பார்களா என்று டெய்லர் கேட்டார். இல்லை என்றார் மேடம். அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மேடம் மட்டும் திறந்த குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு தாளின் அடியிலும் 'இது யாரிடம் பார்த்தது' என்று ஒரு வரி இருக்கும். நம்மிடம் இன்னும் பார்க்கவில்லை என்று அதிலேயே பல தடவை எழுதியிருப்பார். இதை எதற்குச் சொல்லி நம்மை நாமே குறைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அந்த 'சில பேருக்கு' எதற்கு என்பது எனக்கு எஸ்தர் விஷயத்தில்தான் உறைத்தது.

எஸ்தர் எங்கள் லைனின் செக்கர். தைத்து வருகிற ஷூ ஒவ்வொன்றையும் பார்த்து, சரி, சரியில்லை என்று பிரிப்பது அவள் வேலை. என் தெருப் பெண். நான்தான் கூட்டிவந்து வேலையில் சேர்த்தேன். அவள் கண்ணுக்குத் தப்பிய தையல் கிடையாது. எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு போர்டு இருக்கும். எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டு பையர் பார்த்து, சம்மதித்து, சீட்டில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்த ஒரு சாம்பிள் ஷூ அதில் தொங்கும். அதற்குப் பொருந்தினால் பாஸ். பொருந்தாவிட்டால் ரிஜெக்ட். செக்கருக்கு அந்தப் போர்டுதான் சட்டம். வருஷக்கணக்காக எஸ்தர் அந்தப் போர்டை நிமிர்ந்து பார்ப்பதும் குனிந்து ஷூவைப் பார்ப்பதுமாக இருந்தவள்.

ஒரு நாள் மேஜையில் இருந்தபடியே அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை நடுங்கியது, மூச்சு முட்டியது. மாரடைப்பு என்றே நாங்கள் நினைத்தோம். கம்பெனி வண்டியில் வேலூருக்குக் கொண்டு போனோம். எல்லாப் பரிசோதனையும் செய்து, இதயத்தில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அது மறுபடியும் வந்தது, பஸ்ஸில், வீட்டில், சர்ச்சில். ஒன்றும் இல்லாததற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வீட்டுக்காரர் கேட்க ஆரம்பித்தார். கொஞ்ச நாள் லீவு போட்டாள்.

அவள் லீவில் இருந்தபோதுதான் மேடம் அந்தத் தாளை ஒட்டினார். பெயர் எதுவும் இல்லை, ஆனால் அவளை நினைத்து எழுதியது என்று எனக்குத் தெரியும். படபடப்பு வரும்போது மூச்சை மெதுவாக விட்டுப் பார்த்தால் சில பேருக்குக் கொஞ்சம் அடங்குகிறது, எல்லாருக்கும் இல்லை, அடங்காவிட்டால் உங்கள் மேல் குறை இல்லை, வேறு வழிகள் இருக்கின்றன, வந்து பேசுங்கள். இதுதான் சாரம். பிறகு மேடம் தங்கை கல்யாணம் என்று ஊருக்குப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து பையர் கம்பெனிக்கு வருவதாகச் செய்தி வந்தது. தொழிலாளிகளின் மனநலத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பார்களாம். ஹெச்.ஆர். மேனேஜர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் கலரில் பெரிய போஸ்டராக அடித்து, பளபளவென்று லேமினேட் செய்து கொண்டுவந்தார். சிரிக்கிற ஒரு பெண் படம். 'மூச்சை மெதுவாக விடுங்கள்! படபடப்பு பறந்துவிடும்!' அவ்வளவுதான். லைனுக்கு ஒன்று. எங்கே மாட்டலாம் என்று பார்த்து, பையர் கண்ணில் முதலில் படுகிற இடமாக, சாம்பிள் போர்டிலேயே மாட்டிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் போஸ்டர் பிடித்திருந்தது. நறுக்கென்று இருந்தது. பையரும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

எஸ்தர் திரும்பி வந்தாள். சில நாள் நன்றாகத்தான் வேலை பார்த்தாள். பிறகு ஒரு மத்தியானம் மேஜையை ஒழுங்காகத் துடைத்து வைத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போனவள் வரவே இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வேலையை விட்டுவிடப் போகிறாள் என்று அவள் வீட்டுக்காரர் என்னிடம் தெருவில் வைத்துச் சொன்னார். வீட்டை விட்டே வெளியே வருவதில்லையாம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூட. நான் கூட்டிவந்த பெண். அவள் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படிக்கின்றன. அதைவிட, அப்படி முடங்கிப் போகிற பெண் இல்லை அவள்.

மேடம் ஊரிலிருந்து வந்த அன்றைக்கே நானும் அவருமாக எஸ்தர் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தாள். மேடம் தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசியில் எஸ்தரே ஆரம்பித்தாள்.

"போர்டுல போட்ட மாதிரிதான் மேடம் பண்ணேன். ஒண்ணு விடாம பண்ணேன். எனக்கு அடங்கல, ஜாஸ்திதான் ஆச்சு. போர்டுக்கு மேட்ச் ஆவலன்னா அது இன்னா மேடம்? ரிஜெக்ட்டுதான?"

எந்தப் போர்டு என்று மேடம் என்னைப் பார்த்தார். நான் போஸ்டரைப் பற்றிச் சொன்னேன். என்ன எழுதியிருந்தது, எங்கே மாட்டியிருந்தது எல்லாம். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததே இல்லை. கோபம் என்று சொல்ல முடியாது. பெற்ற பிள்ளையின் கையை யாரோ ஒடித்து அனுப்பிய மாதிரி இருந்தார்.

அது நான் எழுதியதுதான், ஆனால் பாதிதான் என்று எஸ்தரிடம் சொன்னார். விட்டுப்போன மீதியையும் சொன்னார். எல்லாருக்கும் வேலை செய்யாது, வேலை செய்யாதவர்களும் உண்டு என்றார். எஸ்தர் மரியாதைக்குத் தலையாட்டினாள். ஆறுதலுக்குச் சொல்வது என்றுதான் நினைத்தாள் என்பது அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. இதற்கு மேல் ஒன்றும் நடக்காது, எழுந்து போக வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மேடம் சம்பந்தமே இல்லாத மாதிரி ஒன்றைக் கேட்டார். அந்தப் போர்டில் ஒரு ஷூ தொங்குகிறதே, அதில் என்னென்ன இருக்கும்? எஸ்தர் நிமிர்ந்தாள். மாடல் நம்பர் எழுதின சீட்டு, சீல், பையர் கையெழுத்து என்று மேஜையில் இருக்கிற குரலில் சொன்னாள்.

"கையெழுத்து இல்லாத ஷூ ஒண்ணு அங்க தொங்குனா?"

"அத வச்சு செக் பண்ண மாட்டேன். அக்காவக் கூப்புடுவேன். கையெழுத்து இல்லாதது சாம்பிளே இல்ல மேடம்."

"அந்தப் போஸ்டர்ல யார் கையெழுத்து இருந்துச்சு?"

மனசுக்குள் அந்தப் போஸ்டரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை செக் செய்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மேடம் மெதுவாகக் கேட்டார், "அப்ப எத வச்சு எஸ்தர் உங்கள நீங்க ரிஜெக்ட் பண்ணீங்க?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அதுல கையெழுத்து இல்லக்கா" என்றாள். லைனில் தப்பு நடந்தால் என்னிடம் புகார் சொல்வாளே, அதே குரல், அதே கடுப்பு. அந்தக் கடுப்பைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. பிறகு அழுதாள். மேடம் அழவிட்டார்.

அதற்கப்புறமும் மேடம், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது உங்களுக்கு மட்டும் வருவதில்லை, இதற்குப் பெயர் உண்டு, பார்க்கிற டாக்டர் வேலூரில் இருக்கிறார், நான் கூட வருகிறேன், அவர் சொல்கிற முதல் வழி உங்களுக்கு ஒத்து வராமலும் போகலாம், அப்போது அடுத்த வழியைப் பார்ப்போம் என்றார். "வேல செய்யாதவங்களுக்கும் நான் எழுதறதுல ஒரு எடம் வேணும் எஸ்தர். அதுக்குத்தான் சில பேருக்குன்னு போடறது. அந்த எடத்த அவங்க எடுத்துட்டாங்க" என்றார்.

வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டார். நாள் தெரியாது என்றார் மேடம். செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆனா நெறைய பேருக்கு சரியாவுதுங்க" என்றார்.

நெறைய பேருக்கு. அத்தனை காலத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் காதில் வாங்கியிருக்க மாட்டேன். சாம்பாரைக்கூட அளந்து பேசுகிறவர் இதை அளக்காமல் சொல்லியிருப்பாரா? எனக்கு அங்கேயே தைரியம் வந்துவிட்டது. வீட்டுக்காரருக்கும் வந்திருக்க வேண்டும். டாக்டரிடம் எந்தப் பஸ்ஸில் போக வேண்டும் என்று கேட்டார்.

மறுநாள் மேடம் மேனேஜரிடம் போய்ப் போஸ்டரை மாற்றச் சொன்னார். பையர் போட்டோ எடுத்த போஸ்டர், தொடக் கூடாது என்று பதில் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஷின்கள் நின்றதும் என்னிடம் வந்து ஒரு சில்வர் பேனா கேட்டார். தோலில் எங்கே தைக்க வேண்டும் என்று கோடு போட வைத்திருப்போம். வேலை முடிந்ததும் துணியால் துடைத்தால் போய்விடும். அதை வாங்கிக்கொண்டு லைன் லைனாகப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு போஸ்டரிலும் அந்தச் சிரிக்கிற பெண்ணுக்கு அடியில் எழுதினார். 'சில பேருக்குக் கொஞ்சம் அடங்கும். அடங்காவிட்டால் உங்கள் மேல் குறை இல்லை. வந்து பேசுங்கள்.' நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். சாப்பிடப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

மேனேஜர் வேகமாக வந்தார். கம்பெனிச் சொத்தில் கிறுக்கியிருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். இவருக்கு இன்றோடு வேலை போயிற்று என்று நினைத்தேன். படித்துப் பாருங்கள் சார் என்று மட்டும் சொன்னார் மேடம். அவர் ரொம்ப நேரம் படித்தார். அந்த மூன்று வாக்கியத்துக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் அடங்கல மேடம். நாந்தான் சரியா பண்ணலியோன்னு நெனச்சிட்டேன்" என்றார். நான் காதில் விழாத மாதிரி பக்கத்து மெஷினில் நூல் கோக்க ஆரம்பித்தேன். போஸ்டர் அந்த எழுத்தோடு அப்படியே இருந்தது. மேடத்தின் அறையை ஹெச்.ஆர். பக்கத்திலிருந்து எடுத்து, குழந்தைகள் காப்பகத்துக்குப் பின்னால், யார் எதற்குப் போகிறார்கள் என்று தெரியாத இடத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்த அறை காலியாக இருந்து நான் பார்க்கவில்லை.

எஸ்தர் திரும்பி வந்தாள். ஒரேயடியாகச் சரியாகி வரவில்லை. சில நாள் வருவாள், சில நாள் பாதியில் போவாள். முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றினார்கள். டாக்டர் சொல்லிக்கொடுத்த ஒன்றைச் செய்துகொண்டு, படபடப்பு வரும்போது ஓடாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினாள். அது வந்து போகும் வரை நானும் பக்கத்தில் நிற்பேன். டார்கெட்டுக்கு வாங்குகிற திட்டை வாங்கிக்கொள்வேன். கொஞ்சம் கொஞ்சமாக அது வருவது குறைந்தது. இப்போது வந்தாலும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மேடம் இப்போது எங்கள் கம்பெனியில் இல்லை. நாட்றம்பள்ளி தாண்டி ஒரு காலேஜில் பாடம் எடுக்கப் போய்விட்டார். போகிற அன்றைக்கு, எங்களை மறந்துவிடுவீர்களா என்று பெண்கள் கேட்டதற்கு, மனுஷர்களுக்கு ஞாபகம் எப்படி மாறிப்போகும் என்று பஸ் கிளம்பும் வரை விளக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தேவையான பதில் கடைசி வரை வரவில்லை. ஆனால் இன்றைக்கும் எப்போதாவது போன் வரும். ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டிவிட்டு, சொல்லுங்கக்கா, இதில் என்ன இருக்கிறது என்பார். நான் சொல்வேன். அந்தப் பக்கம் பென்சில் கோடு விழுவது எனக்குக் கேட்கும். அவரை நினைத்தால் எனக்குப் பாசம் பொங்குகிறது என்று இங்கேயே எழுதிவிடுகிறேன். அதைப் படித்தால் கொஞ்சம் என்று சேர்க்கச் சொல்வார். சேர்க்க மாட்டேன்.

அந்தப் போஸ்டர் இன்னும் எங்கள் லைனில் இருக்கிறது. சில்வர் பேனா எழுத்து நிற்காது. சுத்தம் செய்கிறவர்கள் ஈரத்துணி போட்டுத் துடைத்தால் போய்விடும். ஆனால் நான் கவனித்தவரை, போன எழுத்து திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. மேடம் யாரிடமோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு காலையில் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. உள்ளே போனால், எஸ்தர் ஸ்டூல் மேல் நின்று எழுதிக்கொண்டிருக்கிறாள். யாரும் சொல்லவில்லையாம்.

இத்தனை அழகாக எழுதுகிறாயே, அடியில் உன் கையெழுத்தையும் போட்டுவிடு என்று கேலி செய்தேன். அவள் பேனாவை மூடிக்கொண்டே இறங்கினாள்.

"வேணாம்க்கா. கையெழுத்து போட்டா சாம்பிளாய்டும். அப்புறம் எல்லாரும் என்னை வச்சு செக் பண்ணிக்குவாங்க."

மணி அடித்தது. அவள் மேஜைக்குப் போய் முதல் ஷூவைக் கையில் எடுத்தாள்.